சுந்தரபாண்டியமும் கான்சாபுரமும்: மண்ணில் தங்கிய அரசர் பெயர்கள்

விருதுநகர் மாவட்டம் என்றதும் கரிசல் காடும் வானம் பார்த்த பூமியும்தான் நினைவுக்கு வரும். ஆனால் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வடக்கே மலையடிவாரத்தை நோக்கிப் போனால் நிலத்தின் முகம் மாறிவிடும். வத்திராயிருப்பைச் சுற்றி நெல்வயலும் தென்னந்தோப்பும் கண்மாயும் மாறி மாறி வருகின்றன. மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து இறங்கும் ஓடைகளும், பிளவக்கல் பெரியாறு, கோவிலாறு அணைகளும் அந்தப் பசுமையைக் காக்கின்றன. இந்தப் பகுதியில் சுந்தரபாண்டியம் என்றொரு ஊர் இருக்கிறது. கான்சாபுரம் என்றும் ஓர் ஊர் இருக்கிறது.

ஒன்று பாண்டிய அரசன் பெயரைத் தாங்கியது. மற்றொன்று, 18ஆம் நூற்றாண்டில் மதுரைச் சீமையையும் திருநெல்வேலிச் சீமையையும் நிர்வகித்து, கடைசியில் தூக்கிலிடப்பட்ட கம்மந்தான் கான்சாகிபுவை நினைவூட்டுவது. இந்த இரு பெயர்களுக்கு இடையில் பல ஆட்சிகள் வந்துபோயின. நாயக்கர், ஆர்க்காட்டு நவாபு, கிழக்கிந்தியக் கம்பெனி, ஆங்கிலேய அரசு, சுதந்திர இந்தியா என்று கொடி மாறிக்கொண்டே இருந்தது. பெயர்கள் மாறவில்லை. மன்னர் பெயரோ ஆட்சியாளர் பெயரோ ஓர் ஊரின் பெயராக எப்படி நிலைக்கிறது, எப்போது உதிர்ந்துபோகிறது என்ற கேள்விக்கு விடை தேட இதைவிடப் பொருத்தமான பகுதி கிடைப்பது அரிது.

எந்தச் சுந்தரபாண்டியன்?

சுந்தரபாண்டியம் எந்த அரசனின் பெயரால் அமைந்தது என்று கேட்டால், பெயரை மட்டும் வைத்துக்கொண்டு பதில் சொல்ல முடியாது. பாண்டியர் வரலாற்றைப் படிக்கும் எவரும் முதலில் சந்திக்கும் சிக்கல் இது. பாண்டிய அரசர்கள் மாறவர்மன், சடையவர்மன் என்ற இரண்டு பட்டங்களை மாற்றி மாற்றிச் சூடினார்கள். அதற்குப் பின்னால் வரும் இயற்பெயர்களும் சிலவே: சுந்தரன், வீரன், விக்கிரமன், குலசேகரன், பராக்கிரமன். பாட்டன் பெயர் பேரனுக்குத் திரும்ப வரும். ஒரே காலத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட பாண்டியர் சேர்ந்து ஆண்டதும் உண்டு.

13ஆம் நூற்றாண்டையும் அதை அடுத்த சில ஆண்டுகளையும் மட்டும் எடுத்துக்கொள்வோம். 1216இல் பட்டமேறிய மாறவர்மன் சுந்தரபாண்டியன் சோழநாட்டின் மேல் படையெடுத்துத் தஞ்சையையும் உறையூரையும் அழித்தான். பின் சோழனுக்கே நாட்டைத் திருப்பிக் கொடுத்து, 'சோணாடு வழங்கியருளிய' என்ற புகழைக் கல்வெட்டில் பதித்துக்கொண்டான். 1238இல் அதே பெயரில் இன்னொருவன் வந்தான். 1251இல் பட்டமேறிய சடையவர்மன் சுந்தரபாண்டியன் இவர்கள் எல்லாரையும் விஞ்சினான். திருவரங்கத்துக்கும் தில்லைக்கும் பொன் வேய்ந்தான். நெல்லூர்வரை சென்று வீராபிஷேகம் செய்துகொண்டான். அந்த நூற்றாண்டின் இறுதியில் வெனிசுப் பயணி மார்க்கோ போலோ இக்கரையில் இறங்கியபோதும் ஒரு சுந்தரபாண்டியன் ஆண்டுகொண்டிருந்ததாக எழுதிவைத்தார். 1311இல் மாலிக் காபூர் படையெடுத்து வந்த காலத்தில் வீரபாண்டியனோடு அரசுரிமைக்குப் போராடிக்கொண்டிருந்தவன் பெயரும் சுந்தரபாண்டியன்தான்.

இத்தனை அரசர்கள் போதாதென்று, அந்தப் பெயர் தெய்வத்துக்கும் உரியது. மதுரையில் தடாதகைப் பிராட்டியை மணந்து அரசாண்ட சிவபெருமானைத் திருவிளையாடற் புராணம் சுந்தரபாண்டியன் என்றே அழைக்கிறது. ஆகவே ஓர் ஊருக்கு அந்தப் பெயரிட்டவர்கள் அரியணையில் இருந்தவனை நினைத்தார்களா, ஆலவாய் அண்ணலை நினைத்தார்களா என்பதைப் பெயர் நமக்குச் சொல்லாது. அரசனையும் ஆண்டவனையும் ஒரே சொல்லால் குறித்த காலத்தில், அந்த இரட்டைப் பொருளே அரசனுக்கு வேண்டிய பெருமையாகவும் இருந்திருக்கும்.

சுந்தரபாண்டியம் தனியாக நிற்கும் பெயரும் இல்லை. தென்காசி அருகே சுந்தரபாண்டியபுரம் இருக்கிறது. ராமநாதபுரம் கடற்கரையில், தொண்டிக்கு வடக்கே சுந்தரபாண்டியன்பட்டினம் இருக்கிறது. மற்ற பாண்டியர் பெயர்களும் இப்படியே விரிகின்றன. திருச்செந்தூருக்கு அருகில் வீரபாண்டியன்பட்டினம், அதற்குத் தெற்கே குலசேகரன்பட்டினம். தேனிக்கு அருகில் சித்திரைத் திருவிழாவுக்குப் பேர்போன கௌமாரியம்மன் குடியிருக்கும் வீரபாண்டி. அதே பெயரில் சேலம், கோவை, திருப்பூர்ப் பக்கங்களிலும் ஊர்கள். மன்னார்குடி வட்டாரத்தில், சோழநாட்டின் நடுவே, விக்கிரபாண்டியம். தாமிரவருணிக் கரையில் அரிகேசரி என்ற பாண்டியப் பட்டத்தைத் தாங்கிய அரிகேசநல்லூர். இசையுலகம் முத்தையா பாகவதரோடு சேர்த்து அறிந்த ஊர் அது. ராமநாதபுரம் மாவட்டத்தில் பெருங்கண்மாயோடு ராஜசிங்கமங்கலம்.

பெயரின் பின்பாதி

இந்தப் பெயர்களைக் கூட்டமாக வைத்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகும். பெயரின் முன்பாதி யார் என்பதைச் சொல்கிறது. அந்த ஊரிடம் அரசு எதை எதிர்பார்த்தது என்பதைப் பின்பாதி சொல்கிறது. பட்டினம் என்றால் கடல் வாணிகமும் சுங்கமும். மங்கலம் என்றால் பெரும்பாலும் அந்தணர்க்குக் கொடுத்த இறையிலி ஊர். அங்கே சபையும் ஏரியும் இருக்கும். நல்லூர் என்றால் உழுகுடிகளை வைத்துப் பெருக்கிய குடியிருப்பு. பாளையம் என்றால் நாயக்கர் காலத்துப் படைமுறை. பேட்டை என்றால் சந்தையும் நெசவும் வணிகரும்.

அரசுகளின் தேவைகள் மாற மாற, ஊர்ப் பெயரின் வாலும் மாறியிருக்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தை ஒரு சுற்று வந்தாலே இந்த வரிசை கிடைக்கும். ராஜபாளையம் பெயரிலேயே பாளையத்தைச் சுமக்கிறது. அதற்கு அருகில் சோழபுரம் என்றோர் ஊர். பாண்டிநாட்டின் நடுவில் சோழன் பெயரில் ஊர் இருக்கிறதே என்று வியந்து கோயிலுக்குள் போனால், அங்கே எழுந்தருளியிருக்கும் சிவனின் திருப்பெயர் விக்கிரமபாண்டீசுவரர். ஊர் ஒரு குலத்தின் பெயரிலும், ஊரின் இறைவன் அதன் பகைக்குலத்தின் பெயரிலும்! இதே பாதையில் உள்ள தேவதானத்தின் தலபுராணமோ, சோழன் அனுப்பிய நஞ்சு தோய்ந்த ஆடையிலிருந்து பாண்டியனைக் காத்தவர் அவ்வூர் இறைவன் என்று சொல்லி, அவரை நச்சாடை தவிர்த்தருளிய சுவாமி என்றே வணங்குகிறது. இரு பேரரசுகள் மோதிய மண் இது என்பதைப் போர்க்களக் கல் இல்லாமலே இந்தப் பெயர்கள் காட்டிவிடுகின்றன.

அரசன் பெயர் ஊருக்கு மட்டும் வைக்கப்பட்டதென்று எண்ணக் கூடாது. கோயிலில் ஒரு வேளைப் பூசைக்கு வைப்பார்கள். அது அந்த அரசன் பெயரால் சந்தி என்று வழங்கும். திருநாளுக்கு வைப்பார்கள். வாய்க்காலுக்கும் வதிக்கும் வைப்பார்கள். பிற்காலப் பாண்டியர் கல்வெட்டுகளில் நிலம் அளக்கும் கோலுக்கே 'சுந்தரபாண்டியன் கோல்' என்று பெயர். கழனியின் எல்லையைக் கோல்கோலாக அளக்கும்போதெல்லாம் அரசன் பெயர் உழவன் காதில் விழுந்திருக்கிறது. அவன் கட்ட வேண்டிய கடமையும் அந்தக் கோல் கொடுத்த கணக்கின்படிதான். அரசனை ஒருநாளும் நேரில் பார்க்காத குடிகளுக்கு அரசு என்பது இந்தக் கோலும், மடையும், கோயில் மணியும்தான். அரசர் பெயர் சாதாரண மக்களின் நாவில் ஏறிய வழி இது.

ஊரிலிருந்து பிறந்த அரசகுலங்கள்

அரசனிடமிருந்து ஊருக்குப் பெயர் வந்த கதையைப் பார்த்தோம். இதற்கு நேர் எதிராக, ஊரிடமிருந்து அரசகுலம் பெயர் பெற்ற கதைகளும் உண்டு. அவற்றில் ஒன்று ராஜபாளையத்தைத் தொடுகிறது.

1949 ஏப்ரல் முதல் 1952 ஏப்ரல் வரை சென்னை மாகாணத்தின் முதலமைச்சராக இருந்தவர் பி. எஸ். குமாரசாமி ராஜா. ராஜபாளையத்துக்காரர், பின்னாளில் ஒரிசாவின் ஆளுநராகவும் இருந்தவர். அவர் பெயரின் முதலெழுத்தான 'பி' குறிப்பது பூசபாடி என்ற வீட்டுப்பெயரை. தெலுங்கு பேசும் ராஜுக்கள் ஆந்திரத்திலிருந்து தெற்கே வந்து ராஜபாளையத்தில் குடியமர்ந்தபோது, வீட்டுப்பெயர்களையும் உடன் கொண்டுவந்தார்கள். பூசபாடி என்பது ஆந்திரத்தின் பூசபாடு என்ற சிற்றூரின் பெயரிலிருந்து வந்தது. அதே வீட்டுப்பெயர்தான் ஆந்திரத்தின் வடகோடியில் விஜயநகரம் சமஸ்தானத்தை ஆண்ட அரசகுலத்தின் பெயரும். 1794 ஜூலை 10 அன்று பத்மநாபம் போரில் கம்பெனிப் படையை எதிர்த்து மாண்ட விஜயராம ராஜு பூசபாடி குலத்தவரே.

அந்த விஜயநகரமும் துங்கபத்திரைக் கரையில் 14ஆம் நூற்றாண்டில் எழுந்த விஜயநகரமும் வேறு வேறு. ஒன்று பேரரசின் தலைநகர். அதன் இடிபாடுகளை இன்று ஹம்பியில் பார்க்கிறோம். மற்றது, சில நூற்றாண்டுகள் கழித்து, விசாகப்பட்டினத்துக்கு வடக்கே எழுந்த சமஸ்தானத் தலைநகர். ஆங்கிலத்தில் எழுத்துக்கூட்டலை மாற்றி இரண்டையும் பிரித்துக் காட்டினார்கள். தமிழில் எழுதும்போது இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. கிருஷ்ணதேவராயர் ஆண்ட நகரையும் பூசபாடியார் ஆண்ட நகரையும் குழப்பிக்கொண்டு எழுதப்பட்ட குலவரலாறுகள் நம்மிடையே உலவுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

தெற்கே இன்னோர் எடுத்துக்காட்டு. கன்னியாகுமரி மாவட்டத்தில் தக்கலைக்கு அருகில் திருவிதாங்கோடு என்ற ஊர் இருக்கிறது. அது ஒரு காலத்தில் வேணாட்டு அரசர்களின் இருக்கை. அந்த ஊரின் பெயரே அரசுக்கும் ஆகி, திருவிதாங்கூர் என்று கேரளத்தின் தென்பாதி முழுவதையும் குறிக்கும் பெயராக வளர்ந்தது. தலைநகர் பத்மநாபபுரத்துக்கும் பின் திருவனந்தபுரத்துக்கும் போனபோதும் அரசு பழைய ஊரின் பெயரை விடவில்லை. 1949இல் கொச்சியோடு இணைந்தபோதுகூட அந்தப் பெயர் நீடித்தது.

பாண்டியர் விஷயத்தில் குலம் முந்தியதா, நிலம் முந்தியதா என்று பிரிக்கவே இயலவில்லை. அசோகரின் பாறைக் கல்வெட்டுகள் சோழரோடும் கேரளபுத்திரரோடும் பாண்டியரையும் எல்லைக்கு அப்பாலிருந்த அரசுகளாகக் குறிக்கின்றன. அரசகுலத்துக்கும் நாட்டுக்கும் மக்களுக்கும் ஒரே சொல். கேரளத்தில் பாண்டி என்றால் இன்றும் தமிழ்நாடு. பந்தளம், பூஞ்ஞாறு அரசகுடும்பங்கள் தாங்கள் பாண்டியர் வழி வந்தவர்கள் என்றே தங்கள் குலவரலாற்றைச் சொல்கின்றன. மலைக்கு அந்தப் பக்கம் போயும் அந்தப் பெயர் வாழ்ந்தது. ஆனால் புதுச்சேரியை நாம் பாண்டி என்று சுருக்கிச் சொல்வதற்கும் பாண்டியருக்கும் உறவில்லை. அது புதுச்சேரி என்பது ஐரோப்பியர் வாயில் பாண்டிச்சேரியாகித் திரும்பி வந்த வடிவம். ஒலி ஒத்திருப்பதை மட்டும் நம்பி உறவு சொன்னால் ஊர்ப் பெயர் ஆய்வு இப்படித்தான் வழி தவறும்.

கான்சாபுரம்

இனி இரண்டாவது ஊருக்கு வருவோம். கான்சாகிபு என்று மக்கள் அழைத்தது முகமது யூசுப் கானை. ராமநாதபுரச் சீமையில் பனையூரில் பிறந்து மருதநாயகம் என்ற பெயரில் வளர்ந்தவர் என்பது வழிவழியாக வரும் செய்தி. கம்பெனியின் சிப்பாய்ப் படையில் சேர்ந்து, சிப்பாய்களுக்கெல்லாம் தலைவராகி, 1758-59 சென்னை முற்றுகையில் பெயர் பெற்றார். கமாண்டன்ட் என்ற பதவிப் பெயர் தமிழ் நாவில் கம்மந்தான் ஆனது.

1756இல் மதுரைக்கு அனுப்பப்பட்ட யூசுப் கான், 1759 முதல் மதுரை, திருநெல்வேலிச் சீமைகளைக் குத்தகைக்கு எடுத்து நிர்வகித்தார். ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரம் அந்த ஆண்டுகளில் போர்க்களம். நவாபு முகமது அலியின் அண்ணன் மாபூஸ்கான் பாளையக்காரர் பூலித்தேவர் பக்கம் சேர்ந்திருந்தார். மேற்குப் பாளையங்கள் ஒன்றுகூடி நின்றன. கொல்லங்கொண்டான் தொடங்கிக் கோட்டை கோட்டையாகப் போர் நடந்தது. 1761 மே மாதத்தில் நெல்கட்டும்செவல், வாசுதேவநல்லூர், பனையூர் ஆகிய கோட்டைகள் யூசுப் கானிடம் வீழ்ந்தன. இந்தப் பனையூர் அவர் பிறந்த பனையூர் இல்லை. பெயர் மட்டும் ஒன்று.

போர் நடத்தியவர் என்பதோடு, நிர்வாகம் செய்தவர் என்றும் அவரைப் பற்றிய பதிவுகள் பேசுகின்றன. 1868இல் மதுரை நாட்டைப் பற்றிய பெருநூலை வெளியிட்ட நெல்சனும், 1881இல் திருநெல்வேலி வரலாற்றை எழுதிய கால்டுவெல்லும், 1914இல் அவருடைய வாழ்க்கையைத் தனி நூலாக எழுதிய ஹில்லும் அவருடைய ஆட்சித் திறனை மதித்தே எழுதினார்கள். நெசவை ஊக்குவித்தார், கோயிலுக்குரிய நிலங்களைத் திருப்பித் தந்தார், கள்ளர் பயமின்றி வழிப்போக்கர் நடக்கும்படி செய்தார் என்ற செய்திகள் நின்றன. 'கான்சாகிபு சண்டை' என்ற நீண்ட கதைப்பாடல் மக்களிடையே வழங்கி, நா. வானமாமலை பதிப்பித்த நூலாகவும் வெளிவந்தது.

1763இல் நவாபோடும் கம்பெனியோடும் முறித்துக்கொண்டார். மதுரைக் கோட்டையை அவர்கள் முற்றுகையிட்டார்கள். முதல் முற்றுகை அந்த ஆண்டு மழைக்காலத்தோடு கைவிடப்பட்டது. மறு ஆண்டு மீண்டும் வந்தார்கள். கோட்டைச் சுவரை உடைத்து உள்ளே நுழைய முடியாதவர்கள் உள்ளிருந்தவர்களை விலைபேசினார்கள். 1764 அக்டோபர் 13 அன்று சொந்த ஆட்களாலேயே பிடித்துக் கொடுக்கப்பட்டு, 15ஆம் தேதி மதுரைக்கு வெளியே தூக்கிலிடப்பட்டார். உடலைத் துண்டுகளாக்கி வெவ்வேறு ஊர்களில் புதைத்தார்கள் என்பது நாட்டு வழக்கு. மதுரை சம்மட்டிபுரத்தில் அவருடைய அடக்கத்தலம் பள்ளிவாசலாக இருக்கிறது.

உடலையே ஓரிடத்தில் இருக்கவிடாமல் செய்த அரசு, அவர் பெயரை அழிக்க எவ்வளவு முயன்றிருக்க வேண்டும்? அதற்குப் பிறகும் மதுரைத் தெருவில் கான்பாளையம் நின்றது. வத்திராயிருப்புப் பக்கம் கான்சாபுரம் நின்றது. கான்சாகிபு என்ற அழைப்பைப் பேச்சில் கான்சா என்று சுருக்குவது தெற்கத்தியர் வழக்கம். அந்தச் சுருக்கமே ஊர்ப் பெயரில் உறைந்திருக்கிறது. நவாபின் தஸ்தாவேஜில் எழுத வேண்டுமென்றால் முகமது யூசுப் கான் பகதூர் என்று முழுப் பட்டத்தோடு எழுதியிருப்பார்கள். இந்தப் பெயர் குடியானவர் வாயில் உருவான வடிவம் என்பதற்கு அந்தச் சுருக்கமே சாட்சி.

அவரைத் தூக்கிலிட்ட நவாபும் பெயர் விட்டுப்போனவர்தான். முகமது அலிக்கு 1765இல் மொகலாயப் பேரரசர் வாலாஜா என்ற பட்டம் கொடுத்தார். அதுவே அவருடைய வமிசத்தின் பெயராகவும் ஆனது. ராணிப்பேட்டை மாவட்டத்தில் வாலாஜாபேட்டையும், காஞ்சிபுரம் மாவட்டத்தில் வாலாஜாபாத்தும், சென்னையில் வாலாஜா சாலையும் அந்தப் பட்டத்தைச் சுமக்கின்றன. ஓர் அரசவமிசமும் பல ஊர்களும் ஒரே பெயரைப் பகிர்ந்துகொள்வதற்கு இது தெளிவான எடுத்துக்காட்டு. தூக்கிலிட்டவரும் தூக்கில் தொங்கியவரும் தமிழ்நாட்டு வரைபடத்தில் சரிசமமாக இடம்பெற்றிருக்கிறார்கள். ஊர்ப் பெயர்கள் வென்றவர் தோற்றவர் கணக்குப் பார்ப்பதில்லை என்பதை இதைவிட அழுத்தமாகச் சொல்ல முடியாது.

உதிர்ந்த பெயர்கள்

நிலைத்த பெயர்களை மட்டும் பார்த்துவிட்டு முடிவுக்கு வரக் கூடாது. உதிர்ந்தவை அதைவிடப் பல மடங்கு. அவற்றின் தடயம் கல்வெட்டுகளில் ஒரு சிறு சொல்லில் இருக்கிறது: 'ஆன'. பழைய ஊர்ப் பெயரை எழுதி, 'ஆன' என்று சேர்த்து, அதன்பின் அரசன் இட்ட புதுப் பெயரை எழுதுவது வழக்கம். 'கோட்டாறான மும்முடிச்சோழநல்லூர்' என்று சோழர் கல்வெட்டு சொல்லும். இன்று நாகர்கோவிலில் கோட்டாறு இருக்கிறது. மும்முடிச்சோழநல்லூரைக் கேட்டால் யாருக்கும் தெரியாது.

ராஜராஜன் பாண்டிநாட்டை வென்றபின் அதற்கு ராஜராஜப் பாண்டிநாடு என்று பெயரிட்டான். ஈழத்தை மும்முடிச்சோழ மண்டலம் ஆக்கினான். பொலன்னறுவைக்கு ஜனநாதமங்கலம் என்ற பெயர் வந்தது. தமிழக வரலாற்றின் வலிமைமிக்க அரசர்களில் ஒருவன் இட்ட பெயர்கள் இவை. ஒன்றுகூட வழக்கில் இல்லை. திருநெல்வேலியைப் பாண்டியர் கல்வெட்டுகள் குலசேகரச் சதுர்வேதிமங்கலத்தோடு சேர்த்துக் குறிக்கின்றன. குலசேகரன் பெயர் உதிர்ந்து, நெல்வேலி நின்றது. அதே குலசேகரன் பெயர் கடலோரத்தில் குலசேகரன்பட்டினமாக நிலைத்து, தசரா விழாவால் பேர்பெற்று, 2024 பிப்ரவரியில் நாட்டின் இரண்டாவது ராக்கெட் ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டிய செய்தியில் உலகமெங்கும் ஒலித்தது.

ஒரே அரசப் பெயர் ஓரிடத்தில் உதிர்ந்து, இன்னோரிடத்தில் நிற்பது ஏன்? நான் காணும் விடை இது. மக்கள் ஏற்கெனவே ஒரு பெயர் சொல்லி வாழ்ந்த ஊரின் மேல் அரசு தன் பெயரை ஏற்றினால், அந்தப் பெயர் ஏட்டிலும் கல்லிலும் இருக்கும். ஆட்சி போனதும் போய்விடும். காடு திருத்தியோ, கண்மாய் வெட்டியோ, துறை அமைத்தோ, குடிகளைக் கொண்டுவந்து வைத்தோ புதிதாக ஓர் ஊர் பிறக்கும்போது அரசன் பெயர் சேர்ந்தால், அந்த ஊர்க்காரர்களுக்கு வேறு முகவரி கிடையாது. பிறந்த குழந்தைக்கும் வாங்கிய நிலத்துக்கும் கட்டிக்கொடுத்த பெண்ணுக்கும் அதுவே ஊர். அப்படிப்பட்ட பெயரை எந்த அரசாலும் எளிதில் அகற்ற முடியாது. மலையடிவார நீர்வளத்தை நம்பிக் குடியேற்றங்கள் பெருகிய வத்திராயிருப்புப் பகுதியில் இரு வேறு காலத்து ஆட்சியாளர் பெயர்கள் அருகருகே நிற்பதற்கு இதுவே தகுந்த விளக்கமாகப் படுகிறது.

அரசாணையில் வந்த பெயர்கள்

இந்த விதி முடியாட்சியோடு முடிந்துவிடவில்லை. 1972இல் அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் தொடங்கப்பட்டபோது சென்னைக்குப் பல்லவன், மதுரைக்குப் பாண்டியன், கோவைக்குச் சேரன், கும்பகோணத்துக்குச் சோழன் என்று மூவேந்தரும் பல்லவரும் பேருந்துப் பலகையில் ஏறினார்கள். 1977இல் தொடங்கி, விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்டு தென்மாவட்டக் கிராமங்களில் கடன் கொடுத்த வங்கிக்குப் பாண்டியன் கிராம வங்கி என்று பெயர். 1985 மார்ச்சில் பழைய ராமநாதபுரம் மாவட்டம் பிரிக்கப்பட்டபோது ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் பகுதிகள் காமராசர் மாவட்டத்தில் சேர்ந்தன.

1997இல் விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்டு, ஒடுக்கப்பட்ட குடியைச் சேர்ந்த வீரன் சுந்தரலிங்கத்தின் பெயரில் போக்குவரத்துக் கழகம் அறிவிக்கப்பட்டபோது எழுந்த எதிர்ப்பு, இதே ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் வட்டாரத்தில் சாதிக் கலவரமாக வெடித்தது. உயிர்கள் போயின. அந்த ஆண்டு ஜூலையில் அரசு போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் மாவட்டங்களிலிருந்தும் தலைவர்கள் பெயர், அரசர்கள் பெயர் அனைத்தையும் நீக்கியது. காமராசர் மாவட்டம் விருதுநகர் மாவட்டமானது. பாண்டியன், பல்லவன் பேருந்துகள் அரசுப் போக்குவரத்துக் கழகப் பேருந்துகள் ஆயின. 2019 ஏப்ரலில் பாண்டியன் கிராம வங்கியும் பல்லவன் கிராம வங்கியும் இணைந்து தமிழ்நாடு கிராம வங்கி ஆகின.

காமராசரைவிட இந்த மண் நேசித்த தலைவர் இல்லை. இருந்தும் அவர் பெயர் மாவட்டத்துக்கு 12 ஆண்டுகளே நின்றது. ஓர் எளிய ஒடுக்கப்பட்ட குடியின் வீரனுக்கு வைத்த பெயரை ஏற்க மறுத்த மனங்கள், அதே சாலையில் சுந்தரபாண்டியன் பெயரிலும் சோழன் பெயரிலும் கான்சாகிபு பெயரிலும் உள்ள ஊர்களைக் கடந்துதான் நாள்தோறும் போய்வந்தன. பழைய ஊர்ப் பெயர்களில் யாரும் தன் சாதியையோ எதிரியின் சாதியையோ தேடவில்லை. பெயர் தீங்கு செய்யாது. அதை உரிமைப்போர் ஆக்கிக்கொள்ளும் மனம்தான் தீங்கு செய்தது. 1997இலிருந்து நாம் கற்றிருக்க வேண்டிய பாடம் அது.

பெயரைக் காப்பது

ரா. பி. சேதுப்பிள்ளை 1946இல் 'ஊரும் பேரும்' எழுதினார். தமிழில் ஊர்ப் பெயர் ஆய்வுக்கு அடித்தளம் அமைத்த நூல் அது. அதில் அரசகுலப் பெயர் தாங்கிய ஊர்களுக்கென்றே ஒரு பகுதி இருக்கிறது. அவர் காட்டிய வழியில் அடுத்த அடி வைக்க வேண்டிய பொறுப்பு நமக்கு இருக்கிறது. ஏனென்றால் பெயர்கள் நம் கண்முன்னே சுருங்குகின்றன. ராஜசிங்கமங்கலம் ஆர்.எஸ். மங்கலம் ஆகிவிட்டது. சுந்தரபாண்டியன்பட்டினம் எஸ்.பி. பட்டினம் ஆகிவிட்டது. அந்த ஊரில் படிக்கும் பிள்ளைக்குத் தன் ஊர்ப் பெயரில் ஒரு பாண்டியன் இருப்பது தெரியாமலே போகலாம். நூற்றாண்டுகள் அழிக்காத பெயரை இரண்டு ஆங்கில எழுத்துகள் மறைத்துவிடுகின்றன.

ஊர்ப் பெயராவது பேருந்திலும் பட்டாவிலும் எஞ்சும். அதைவிட வேகமாக மறைவது கண்மாய், மடை, ஓடை, வயல் ஆகியவற்றின் பெயர்கள். எந்த அரசன் காலத்தில் எந்தக் குளம் வெட்டப்பட்டது, எந்த நிலம் எந்தக் கோயிலின் எந்தப் பூசைக்கு விடப்பட்டது என்ற செய்தியெல்லாம் அவற்றில்தான் இருக்கிறது. நிலப்பதிவேட்டில் எண் மட்டும் போதும் என்றான பிறகு அந்தப் பெயர்களைச் சொல்ல வயதான உழவர்களைத் தவிர வேறு ஆளில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம், வத்திராயிருப்பு வட்டாரங்களின் பள்ளி, கல்லூரி ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் மாணவர்களை அவரவர் ஊருக்கு ஒரு நோட்டுப் புத்தகத்தோடு அனுப்புங்கள். ஊரின் முழுப் பெயர், ஊரார் சொல்லும் பெயர்க் காரணம், கண்மாயின் பெயர், ஒவ்வொரு மடையின் பெயர், கோயிலில் உள்ள கல்வெட்டின் இடம் ஆகியவற்றை எழுதிவரச் சொல்லுங்கள். பெயர்ப்பலகை எழுதும் ஊராட்சிகள் முதலெழுத்துச் சுருக்கத்தை விட்டு முழுப் பெயரை எழுதட்டும். கான்சாபுரத்துக் கண்மாய்க்கரையில் ஒரு பெரியவர் சொல்லும் பத்து வயல் பெயர்களுக்குள், எந்த அரசாவணத்திலும் இல்லாத ஒரு நூற்றாண்டு இருக்கக்கூடும். அவர் இருக்கும்போதே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.